கைம்பெண் பிசையும் அப்பம்

வெத்தூரியாவுக்கு ஐம்பத்தாறு வயது. பார்த்தவர்கள் அறுபத்தைந்து என்பார்கள். அதில் தப்பில்லை, உடம்பு அத்தனை வேலை பார்த்திருக்கிறது. முதலில் நூற்பாலை. ஆலையை மூடி இரும்புக்காரனுக்கு எடைபோட்டு விற்ற பிறகு ஷூ கம்பெனி. இத்தாலிக்காரனுக்கு ஷூவின் மேல்தோல் தைத்து அனுப்புகிற கம்பெனி அது. விடிவதற்கு முன் பஸ், இருட்டிய பிறகு பஸ், நடுவில் குனிந்த முதுகும் பசை நாற்றமும். வாரத்தில் ஐந்து நாள் இப்படிப் போகும். சனிக்கிழமை மற்ற பெண்கள் துணி துவைப்பார்கள், தூங்குவார்கள். வெத்தூரியா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அடுப்புக் கொட்டகைக்குப் போவாள். ஞாயிறு பூசைக்கான அப்பம் அங்கேதான் வேகும்.

அந்த அப்பத்தைத் தொடுவதற்கு எல்லோருக்கும் உரிமை கிடையாது. கைம்பெண்தான் தொடலாம். தூரம் நின்றுபோன கைம்பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ஆணோடு படுத்தவள் கை பட்டால் அப்பம் விரியும், முத்திரை பிளக்கும் என்பது ஊர் நம்பிக்கை. முத்திரை என்றால் கிறிஸ்துவின் பெயரைச் செதுக்கிய மரக்கட்டை. மாவின் தலையில் அதை வைத்து அழுத்துவார்கள். பாதிரியார் அந்தச் சதுரத்தைத்தான் கத்தியால் அறுத்தெடுத்துப் பலிபீடத்தில் வைப்பார். அது பிளந்தால் கிறிஸ்துவே பிளந்த மாதிரி. எந்த ஆயரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள்.

கொட்டகைக்குத் தலைமை சவேத்தா. எழுபது தாண்டியவள், கணவன் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கறுப்பு முக்காட்டை அன்றிலிருந்து மாற்றவில்லை. கொட்டகைச் சாவியும் முத்திரைக் கட்டையும் அவள் பையில்தான் இருக்கும். அவளுக்குத் துணை பரஸ்கீவா. அவளும் கைம்பெண். காது மந்தம், வாய் மந்தமில்லை.

நாலாவது ஆள் ஒத்தீலியா. இவள் கைம்பெண் இல்லை. முப்பத்து நாலு வயது, புருஷன் உயிரோடு இருக்கிறான். ஆனால் அவன் ஜெர்மனியில் கட்டட வேலைக்குப் போனவன், ஆகஸ்டில் மட்டும் வருவான். மாவு பிசையத் தெம்புள்ள கைம்பெண்கள் ஊரில் குறைந்துகொண்டே வந்ததால் சவேத்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். "புருஷன் பக்கத்துல இல்லாதவளும் கைம்பெண் கணக்குத்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆகஸ்டு மாதமும், மாதத்தில் அந்த நாட்களும் ஒத்தீலியா வெளியே நிற்பாள். மற்ற நாட்களில் அவள் கைதான் மாவுத் தொட்டியைத் தாங்கியது.

வெத்தூரியாவின் கணவன் விர்ஜில் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. இடது மார்பை அறுத்தெடுத்தார்கள். அதோடு பெண் என்கிற பேச்சு தன் வாழ்க்கையில் முடிந்தது என்று அவள் நினைத்தாள். வருத்தம்கூட இல்லை. ஒரு வேலை குறைந்தது என்ற மாதிரி இருந்தது. சட்டைக்குள் ஒரு பக்கம் பஞ்சு அடைத்துக்கொண்டு, கம்பெனிக்கும் கோயிலுக்கும் போய் வந்தாள்.

போன பனிக்காலத்தில்தான் நிஸ்தோர் வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டாள். இடுப்பு எலும்பு தேய்ந்து சாய்ந்து நடப்பார். வந்த காரணம் விறகு. தனி ஆளுக்குத் தனி வீடு, தனி அடுப்பு என்று எரித்தால் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகவில்லை. பின்கட்டு அறையில் தங்கிக்கொள்ளுங்கள் என்று வெத்தூரியாதான் சொன்னாள். ஊருக்கு அவர் வாடகைக்காரர். இரண்டு மாதம் உண்மையிலேயே வாடகைக்காரராகத்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர் ஒரு காரணம். தனிமை ஒரு காரணம். முதல் தடவை அவர் கை அவள் தழும்பின் மேல் பட்டபோது அவள் தட்டிவிடப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. ஓடி ஓடிச் சூடேறிய எஞ்சினைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி கையை அங்கேயே வைத்திருந்தார். வெத்தூரியா அழுதாள். பாவம் செய்துவிட்டோம் என்று அழவில்லை. இத்தனை வருஷமாக அந்த இடத்தைத் தானே தொடாமல் இருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனாலும் அப்பத்தை நினைத்துப் பயம் இருந்தது. வெள்ளிக்கிழமை தனியாகப் படுத்தாள். சனிக்கிழமை விடியலில் தலையிலிருந்து கால்வரை வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் போகவில்லை. பாதிரியார் கேட்டபோது முட்டிவலி, மண்டியிட முடியவில்லை என்றாள். நற்கருணையும் வாங்கவில்லை. அப்பம் மட்டும் பிசைந்தாள். அது வழக்கம்போல வெந்தது. ஈஸ்டருக்குப் பிசைந்த பாஸ்கா அப்பம்கூடப் பந்து மாதிரி வந்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அது விரிந்தது.

அன்று சவேத்தாவுக்கு உடம்பு சரியில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவசரப்பட்டாள்.

"உள்ள தள்ளு, போதும்" என்றாள்.

"அடுப்பு இன்னும் தணியல அக்கா. மூஞ்சில அடிக்குது அனல்" என்றாள் வெத்தூரியா.

"என் முட்டி அதைவிட எரியுது. தள்ளுடி."

தள்ளினார்கள். வெளியே எடுத்தபோது ஒன்று விடாமல் பிளந்திருந்தது. சரியாக முத்திரைக்கு நடுவில், வாய் திறந்த மாதிரி. பரஸ்கீவா பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சவேத்தா சத்தம் போடவில்லை. மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"யாரோ சுத்தமில்லாம வந்திருக்கீங்க" என்றாள்.

பரஸ்கீவாவை யாரும் சந்தேகப்பட முடியாது. வெத்தூரியா ஒற்றை மார்புக்காரி, தீர்ந்துபோனவள். மிச்சம் ஒத்தீலியா. அவள் முகம் காதுவரை சிவந்திருந்தது. சவேத்தாவுக்கு அதுவே போதும்.

"போன வாரம் டாக்சில வந்து இறங்கினியே, அது யாரு பிள்ளை?"

"மழை பேஞ்சுது பெரியம்மா. டாக்சிக்காரர்தான் அவரு."

"மழை எல்லாருக்கும்தான் பேஞ்சுது. நாங்க நனைஞ்சுதான் வந்தோம். அடுத்த வாரம் நீ வரவேண்டாம்."

அடுப்புச் சூட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று வெத்தூரியாவுக்கு நாக்கு வரை வந்தது. சொன்னால் கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று விழுங்கிவிட்டாள்.

ஊர் சின்ன ஊர். ஞாயிறு மதியத்துக்குள் ஒத்தீலியாவையும் டாக்சிக்காரனையும் சேர்த்து ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஒத்தீலியா கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். கம்பெனியில் அவளுக்கும் வெத்தூரியாவுக்கும் அடுத்தடுத்த மெஷின். நாளுக்கு நாள் அவள் கன்னம் உள்ளே போவதை வெத்தூரியா பக்கத்திலிருந்து பார்த்தாள். மதியச் சாப்பாட்டில் காய்ந்த ரொட்டியும் தண்ணீரும்தான். ஒரு நாள் தையல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒத்தீலியா மெஷின் மேல் சாய்ந்தாள். ஊசி விரலை நூலிழையில் விட்டது. சூப்பர்வைசர் வந்து, "தூங்கறதா இருந்தா வீட்டுக்குப் போ" என்றான். வெத்தூரியா அவளைத் தாங்கிப் பிடித்துத் துணிமாற்றும் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"சித்தி, ஒண்ணு கேட்டாத் திட்டமாட்டீங்களே?"

"திட்டுறதுக்கு எனக்குத் தெம்பு கிடையாது. கேளு."

"கனவுல பண்றது பாவமா?"

"யாரு கூட?"

"அவரு கூடத்தான்."

"எவரு? டாக்சிக்காரனா?"

"ஐயோ, இல்ல சித்தி! எம் புருஷன் கூட."

வெத்தூரியா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அட மடச்சி. கட்டின புருஷனைக் கனவுல பாத்ததுக்கா பட்டினி கிடக்குற?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி வந்த கனவு சித்தி. முழிச்சப்ப உடம்பெல்லாம்... சொல்லவே கூச்சமா இருக்கு. மறுநாள் போயி மாவைத் தொட்டுட்டேன். அதான் விரிஞ்சுது. பெரியம்மா சொன்னது சரிதான், ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டாங்க."

"அடுப்பு சூடு பிள்ளை. தணியறதுக்கு முன்னாடி தள்ளினோம். அதான் விரிஞ்சுது."

"அடுப்பு எத்தனையோ தடவை சூடா இருந்திருக்கு. இப்படி விரிஞ்சதில்ல."

அது உண்மையில்லை. ஆனால் வாதாடிப் பயனில்லை என்பது அந்தக் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. ஒத்தீலியா மீதியையும் சொன்னாள். புருஷன் ராத்திரி போன் போட்டால் எடுப்பதில்லையாம். முகத்தைப் பார்த்தால், குரலைக் கேட்டால் மறுபடியும் கனவு வருமாம். எடுக்காததால் அவன் ஊரில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டிருக்கிறான். தங்கை டாக்சிக் கதையைச் சொல்லிவிட்டாள். நேற்று அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருக்கிறது: வேற எவனாவது இருந்தா சொல்லிடு, நான் திரும்பி வரலை.

"பதில் சொன்னியா?"

"என்ன சொல்லட்டும்? உங்களாலதான் அப்பம் விரிஞ்சுதுன்னா?"

அன்று பஸ்ஸில் வெத்தூரியாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. வழக்கமாக உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவாள். அன்று தூக்கம் வரவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் கைப்பை தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அதைத் தள்ளிவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் நிஸ்தோர் சோளக்களி கிண்டியிருந்தார். மேலே பாலாடைக்கட்டி உதிர்த்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார்.

"நான் சொல்லிடப் போறேன்" என்றாள் வெத்தூரியா.

"என்னத்தை?"

"நீ வாடகைக்காரன் இல்லைன்னு."

அவர் கரண்டியை வழித்துவிட்டுக் கேட்டார். "ஏன், வாடகையை ஏத்தப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. ஒத்தீலியாவின் கதையைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்: "அவளுக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்? மாவு விரிஞ்சதுக்கு ஒருத்தி பட்டினி கிடந்தா, அது பைத்தியம். நீ போயி நான்தான்னு சொன்னா, அது ரெட்டைப் பைத்தியம். ஆமா, பாவம்தான் விரிய வெச்சதுன்னு நீயே முத்திரை குத்திக் குடுத்த மாதிரி ஆகும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வேற வழியில சொன்னா அவ நம்பமாட்டேங்குறாளேய்யா. அடுப்புன்னு சொல்லிப் பாத்துட்டேன்."

நிஸ்தோர் சாய்ந்து சாய்ந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "சொன்னா உன்னை அப்பம் பிசைய விடமாட்டாங்க. அப்புறம் என்ன, சனிக்கிழமையும் தூங்கலாம். உன் உடம்புக்கு அது நல்லதுதான்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "அஞ்சு நாள் நான் தைக்கிறது எவ காலுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பிசையறது மட்டும்தான் எங்க போவுதுன்னு தெரியும். அதையும் குடுத்துட்டு நான் தூங்கணுமா?"

"அப்ப சொல்லாத."

"அந்தப் பிள்ளை சாவுதே."

"கல்யாணம் பண்ணிக்கலாம். பண்ணிட்டுச் சொல்லு."

"பண்ணிக்கிட்டாலும் நான் கைம்பெண் இல்ல, பண்ணிக்காட்டியும் இல்ல. மாவைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான். சாப்பிடு, ஆறுது."

சனிக்கிழமை கொட்டகையில் மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். வெத்தூரியா ஏப்ரனைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, ஒத்தீலியாவைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க. அவ இல்ல. நான்."

"என்ன நீ?" என்றாள் சவேத்தா.

"நிஸ்தோர் வாடகைக்காரன் இல்ல."

பரஸ்கீவா காதைத் திருப்பினாள். "வாடகை தரமாட்டேங்குறானா? போலீஸ்ல சொல்லு."

"தரல. என்கூடத்தான் படுக்குறான்."

இதைப் பரஸ்கீவா முதல் தடவையிலேயே கேட்டுவிட்டாள். சல்லடை கையிலிருந்து நழுவியது. சவேத்தா மட்டும் அசையவில்லை.

"எப்பலேர்ந்து?"

"போன பனிக்காலத்துலேர்ந்து."

சவேத்தாவின் உதடுகள் அசைந்தன. திருநாள்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "பாஸ்காவுக்கு நீதானே பிசைஞ்ச?"

"நான்தான். அதைத்தான் நானும் கேக்க வந்தேன். பாஸ்காவுக்கு விரிஞ்சுதா? மாதா திருநாளுக்கு விரிஞ்சுதா? இத்தனை மாசமும் நான் பிசைஞ்சதைத்தான் தின்னீங்க. ஒண்ணு, ஒண்ணாவது விரிஞ்சுதா அக்கா? சொல்லுங்க!"

ஜெயித்துவிட்டதாக ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பரஸ்கீவா வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை மாதம் என்னத்தைத் தின்றோம் என்ற பயம் அவளுக்கு.

சவேத்தா மெதுவாகச் சொன்னாள். "ஆண்டவர் அவ்வளவு நாள் உனக்காகப் பொறுத்திருக்காரு பாரு."

எந்த வாதமும் நுழைய முடியாத சுவர் அது. வெத்தூரியா ஏப்ரனை ஆணியில் மாட்டினாள்.

"உன்னைப் போயி இப்படி நினைக்கலையேடி" என்றாள் சவேத்தா. திட்டுகிற குரல் இல்லை. சொந்தத் தங்கச்சியைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது அவள் முகம். அதுதான் வெத்தூரியாவுக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ஒத்தீலியா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "நான் இல்லையா சித்தி? நெசமாவே நான் இல்லையா? ஐயோ, ஆண்டவரே, நான் இல்ல!" மெஷின்களுக்கு நடுவே சின்னப் பெண் மாதிரி குதித்தாள். அப்புறம்தான் யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று உறைத்தது. கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க... ஏன் சித்தி இப்படி?" என்றாள்.

"வேலையப் பாரு, சூப்பர்வைசர் வரான்."

அன்று ராத்திரி அவள் புருஷனோடு பேசினாளாம். அவன் அழுதானாம், இவளும் அழுதாளாம். கன்னம் மறுபடி நிரம்பியது. வெத்தூரியாவோடு பேசுவதுதான் குறைந்தது. மதியம் ஒரு அவித்த முட்டையை வெத்தூரியாவின் டப்பா பக்கம் தள்ளி வைப்பாள். முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஊர் பேசவேண்டியதைப் பேசியது. ஒற்றை மார்பை வைத்துக்கொண்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கடையில் ஒருத்தி கேட்டது வெத்தூரியாவின் காதில் விழுந்தது. வெங்காயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பாதிரியார் இலாரியே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தச் சபையில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம்; இவர் நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு அடக்கத்தை முடித்துவிட்டு அடுத்த ஊரில் ஞானஸ்நானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு வரச்சொன்னா முட்டிவலின்னு சொன்னியே."

"முட்டிவலியும் இருந்துச்சு சாமி."

"ரெண்டாம் கல்யாணத்துக்குச் சபையில வழி இருக்கு. கிறிஸ்மஸ் நோன்பு முடிஞ்சு, ஜனவரியில திருக்காட்சித் திருநாள் கழிச்சு வெக்கலாம். அதுவரைக்கும் நற்கருணை கிடையாது. முதல்ல வருத்தப்படுறேன்னு சொல்லு."

"மறைச்சதுக்கு வருத்தப்படுறேன். அந்தப் பிள்ளையை அத்தனை நாள் வேகவிட்டதுக்கு ரொம்ப வருத்தப்படுறேன்."

"அப்புறம்?"

"அவன் என் தழும்புல கைவெச்சான் சாமி. அதுக்கு வருத்தப்பட்டுப் பாக்குறேன், வரமாட்டேங்குது. வந்தாச் சொல்றேன்."

இலாரியே கண்ணைக் கசக்கிக்கொண்டார். முந்தின நாள் ராத்திரி தூங்கியிருக்கமாட்டார் போல.

"அடுப்பைப் பத்திப் பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சாமி? சூட்டுனாலதான் விரிஞ்சுதுன்னு."

"சொல்லலாம். சொன்னா சவேத்தா சாவியக் கொண்டாந்து என் மேசை மேல வெச்சிட்டுப் போயிடுவா. அப்புறம் அப்பம் யாரு சுடுறது? எம் பொண்டாட்டியா? அவ புருஷனோட இருக்குறவ, மாவைத் தொடவிடமாட்டாங்க."

"நீங்களும்தான் பொண்டாட்டியோட இருக்கீங்க. பலிபீடத்தையே தொடுறீங்க."

"சனிக்கிழமை ராத்திரி நான் தனியாத்தான் படுக்குறேன்."

"நானும் வெள்ளிக்கிழமை தனியாத்தான் படுத்தேன் சாமி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாதிரியாருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் இருமலாகிவிட்டது. "போயிட்டு வா வெத்தூரியா. எனக்கும் நேரமாகுது" என்றார்.

அதன்பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவோரம் நின்றாள். நிஸ்தோர் வரமாட்டார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பூசைப் பாட்டை உதட்டுக்குள் பாடுவாள். உள்ளே பாதிரியார் "இது என் சரீரம்" என்று பாடும்போது மட்டும் அவளுக்கு வாய் ஓடாது. ஆண்டவர் சரீரத்தைக் கொடுத்துத்தான் மனுஷரை மீட்டார். அப்படியிருக்க மனுஷ சரீரத்தைப் பார்த்து இத்தனை பேர் ஏன் நடுங்குகிறோம் என்று ஒரு கேள்வி வரும். பதில் தேடத் தெம்பு இருக்காது. நின்று கால் வலிக்கும்.

நவம்பரில் கோயில் திருவிழா வந்தது. மிக்கேல், காபிரியேல் தூதர்களின் பெயர் வைத்த கோயில். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு தங்கள் செத்தவர்கள் பெயரைச் சொல்லி அப்பம் கொடுப்பார்கள். கொட்டகையில் தொட்டி தொட்டியாக மாவு புளிக்கும். பரஸ்கீவா மகள் பிரசவத்துக்கு யாஷ் நகரத்துக்குப் போய்விட்டாள். சவேத்தாவின் விரல்கள் குளிரில் மடங்கிப்போய்க் கிடந்தன. ஒத்தீலியா ஒருத்திதான்.

"சித்தி, விறகு பிளக்க, தொட்டி கழுவ ஆள் வேணும். மாவைத் தொடவேண்டாம்னு பெரியம்மா சொல்லச் சொன்னாங்க" என்று ஒத்தீலியா கம்பெனியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாவைத் தொடாத, எங்க விறகை மட்டும் தூக்குன்னா? உனக்கு மானமே கிடையாதா?" என்று நிஸ்தோர் கத்தினார்.

"விறகும் கோயிலுக்குத்தான் எரியுது" என்று சொல்லிவிட்டு வெத்தூரியா போனாள்.

விடியலிலிருந்து விறகு பிளந்தாள், தண்ணீர் சுமந்தாள். கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. உள்ளே ஒத்தீலியா பிசைகிற சத்தம் கேட்டது. திடீரென்று அது நின்றது. ஒத்தீலியா கையை மாவோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பெரியம்மா, எனக்கு வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"அதுதான். மாசாமாசம் வர்றது."

"இப்பவா?"

"இப்பத்தான். அடுத்த வாரம்னு நினைச்சேன்."

சவேத்தா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒத்தீலியா வெளியே வந்து பனியில் நின்று கையைக் கழுவினாள். உள்ளே பாதி பிசைந்த மாவு தொட்டியில் கிடந்தது. சவேத்தா முக்காட்டை இறுக்கிக்கொண்டு தானே தொட்டிக்குள் கையை விட்டாள். இரண்டு தடவை அழுத்தினாள். மூன்றாவது தடவை விரல் நிமிரவில்லை, முனகல் வந்தது. மறுபடி அழுத்தினாள். வெத்தூரியா கோடரியை வைத்துவிட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தி பிசையட்டும் பெரியம்மா" என்றாள் ஒத்தீலியா.

சவேத்தா குனிந்த தலையை எடுக்காமல் மாவை அழுத்தினாள்.

"என்னை மூணு வாரம் வெளிய நிறுத்துனீங்க, நான் ஒண்ணுமே பண்ணல. அப்ப நீங்க சொன்னது தப்பாத்தானே போச்சு? இதுவும் தப்பா இருந்தா?" ஒத்தீலியா சவேத்தாவை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

சவேத்தா நிமிர்ந்தாள். கையில் மாவு தொங்கியது. வெத்தூரியாவை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நேத்து ராத்திரி தனியாப் படுத்தியா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். கிழவி அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறாள் என்பதும் தெரிந்தது.

"இல்ல அக்கா. மாவைத் தொடப்போறதில்லன்னு தெரியும். குளிரா வேற இருந்துச்சு."

சவேத்தா கண்ணை மூடிக்கொண்டாள். "ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதாடி?"

"பொய் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போச்சு."

அடுப்பில் விறகு வெடித்தது. நாளைக்கு ஊர் முழுக்கச் செத்தவர்கள் பெயரைத் தூக்கிக்கொண்டு வரும். சவேத்தா விரல்களிலிருந்து மாவை ஒவ்வொன்றாக வழித்துத் தொட்டியில் போட்டாள். சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பிசை. முத்திரையை நான்தான் குத்துவேன், சொல்லிட்டேன்."

வெத்தூரியா கோட்டைக் கழற்றினாள். சிலுவை போட்டுக்கொண்டு, கர்த்தரே இரக்கமாயிரும் என்று முணுமுணுத்துவிட்டு, மாவுக்குள் கையை விட்டாள். விறகு பிளந்த தோள் வலித்தது. மாவு கெட்டியாக இருந்தது, ஒத்தீலியா தண்ணீரைக் குறைத்திருக்கிறாள். உடம்பின் எடை முழுவதையும் உள்ளங்கையில் இறக்கி அழுத்தினாள். தழும்பு இழுத்தது. அழுத்தினாள்.

ஒத்தீலியா வாசலுக்கு வெளியே விறகை அடுக்கினாள். சவேத்தா முத்திரைக் கட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, மாவைப் பார்த்துக்கொண்டே, வெளியே கேட்காத குரலில் கேட்டாள்.

"அந்த ஆளு குறட்டை விடுவானா?"

வெத்தூரியா கையை நிறுத்தவில்லை. "விடுவான். பழைய பஸ்சு மேடு ஏறுற மாதிரி."

"எம் மனுஷனும் விடுவான். இருந்தவரைக்கும் தலைகாணிய எடுத்து அடிப்பேன்." கிழவி கட்டையைத் திருப்பி வைத்தாள். "போன பிறகு, அந்தச் சத்தம் இல்லாம ரெண்டு வருஷம் நான் தூங்கலடி."

வெத்தூரியா மாவைத் திருப்பிப் போட்டாள். சவேத்தா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மூலையில மாவு ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு, அதையும் சேத்துப் பிசை" என்றாள்.